ஆடித் தள்ளுபடியும் ஆடியோ தள்ளுபடியும்

ஆடி பிறந்துவிட்டால் தி.நகர் உஸ்மான் ரோட்டில் கால் வைக்க இடம் இருக்காது. பனகல் பார்க்கில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே "ரெண்டு எடுத்தா ஒண்ணு ஃப்ரீ" என்று மைக்கில் அலறல் ஆரம்பித்துவிடும். ஒரு புடவை எடுக்கப் போன மாமி, மூன்று புடவை, அரை டஜன் நைட்டி, எதற்கென்றே தெரியாத ஒரு ஹாட் பேக் சகிதம் வீடு திரும்புவார். வீட்டில் இருக்கும் பிள்ளை அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பான். அதே பிள்ளை அன்று ராத்திரி பதினோரு மணிக்குக் கணினி முன்னால் உட்கார்ந்து, "எண்பது சதவீதம் தள்ளுபடி, இன்னும் மூன்று மணி நேரம் மட்டுமே" என்று ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரத்தைப் பார்த்தபடி அப்பாவின் கிரெடிட் கார்டு நம்பரைத் தட்டிக்கொண்டிருப்பான்.

மாமிக்காவது ஹாட் பேக் மிஞ்சும்.

விஷயம் ப்ளக்-இன் பண்டில் பற்றியது. தெரியாதவர்களுக்காக இரண்டு வரி: பாட்டுப் பதிவு செய்யும் மென்பொருள் ஒன்று இருக்கும் (க்யூபேஸ், லாஜிக், ப்ரோ டூல்ஸ், ரீப்பர், எதுவோ ஒன்று). அதற்குள் செருகிக்கொள்ளும் குட்டி மென்பொருள்தான் ப்ளக்-இன். குரலின் கீச்சைக் குறைக்க ஈக்யூ, ஏற்ற இறக்கத்தை மட்டுப்படுத்த கம்ப்ரஸர், கோயில் மண்டபத்தில் பாடிய மாதிரி காட்ட ரிவெர்ப், ஒட்டுமொத்த சத்தத்தைத் தூக்க லிமிட்டர். ஒரு காலத்தில் இதெல்லாம் இரும்புப் பெட்டி. 1957ல் வந்த இஎம்டி 140 என்ற ரிவெர்ப் சாதனத்துக்குள் ஒரு பெரிய இரும்புத் தகடு தொங்கும், மொத்த எடை கால் டன். இன்று அதன் நகல் ஒரு சில மெகாபைட்டில் மடிக்கணினிக்குள் உட்கார்ந்துகொள்கிறது. 1992ல் இஸ்ரேலின் வேவ்ஸ் கம்பெனி க்யூ10 என்ற ஈக்யூவை விற்க ஆரம்பித்தது. 1996ல் ஸ்டெய்ன்பெர்க் விஎஸ்டி என்ற பொது முறையைக் கொண்டுவந்தது. அதற்கப்புறம் தெருவுக்குத் தெரு ப்ளக்-இன் கம்பெனிதான். இப்படி நாற்பது, எழுபது, நூறு ப்ளக்-இன்களை மூட்டை கட்டி ஒரே விலைக்குக் கொடுத்தால் அதற்குப் பெயர் பண்டில்.

இதை வாங்குவது யார்? கோடம்பாக்கத்துப் பெரிய ஸ்டுடியோக்கள் என்று நினைத்தால் தப்பு. அவர்கள் எண்ணிக்கையில் மிகக் குறைவு. மயிலாப்பூர் மாட வீதிக்குப் பின்னால் ஒரு படுக்கையறை, அடையாறில் மொட்டை மாடி அறை, தி.நகரில் பெரியப்பா வீட்டு ஸ்டோர் ரூம்... ஒரு மடிக்கணினி, ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு மைக், ஒரு ஹெட்ஃபோன். கவர் சாங் போடுபவர், குறும்படத்துக்குப் பின்னணி இசை போடுபவர், மார்கழிக்கு முன்னால் நாலு கீர்த்தனையைப் பதிந்து சபா செயலாளர்களுக்கு அனுப்பிவைக்கும் பாடகி. பண்டில் கம்பெனிகளின் மின்னஞ்சல் இவர்களைத் தேடித்தான் வருகிறது.

இவர்களுக்குப் பண்டில் வேண்டியதில்லை என்பதுதான் இங்கே வாதம். "பார்த்து வாங்குங்கள்", "அவரவர் தேவையைப் பொறுத்தது" என்ற வழவழா கொழகொழா இல்லை. வேண்டியதில்லை, அவ்வளவுதான். (ஒரே ஒரு வகையினருக்கு விதிவிலக்கு உண்டு. அது பின்னால்.)

பண்டில் ஆதரவாளர்களின் முதல் ஜல்லி: "தனித்தனியா வாங்கினா எவ்ளோ ஆகும் தெரியுமா?" ஒவ்வொரு ப்ளக்-இன்னுக்கும் 249 டாலர் என்று ஒரு பட்டியல் விலை போட்டு, அதைக் குறுக்கே கோடடித்து, பக்கத்தில் 29.99 என்று சிவப்பில் எழுதியிருப்பார்கள். அந்த 249ஐ யாராவது எப்போதாவது கொடுத்திருக்கிறார்களா? வருஷம் முழுக்கத் தள்ளுபடி நடக்கும் கடையில் தள்ளுபடி விலைதான் விலை. கோடடித்த விலை வெறும் தோரணம். நாற்பது தோரண விலைகளைக் கூட்டி, அந்தத் தொகையிலிருந்து எண்பது சதவீதம் கழிவு என்றால், கழிவு கிடைத்தது தோரணத்துக்குத்தான்.

சரி, தோரணத்தை விட்டுவிடலாம். விற்பவன் ஏன் மூட்டை கட்டுகிறான்? தர்ம சிந்தனையாலா? இதற்குப் பொருளாதாரத்தில் நல்ல விடை இருக்கிறது. சிகாகோவின் ஜார்ஜ் ஸ்டிக்லர் (1982ல் நோபல் வாங்கியவர்) 1963ல் எழுதிய ஒரு சிறு குறிப்பில் இருப்பது. அவர் எடுத்துக்கொண்டது சினிமா. அதே கணக்கை மயிலாப்பூருக்குக் கொண்டுவந்தால் இப்படி இருக்கும்.

மந்தைவெளியில் வாய்ப்பாட்டுக்காரப் பெண் ஒருத்தி. நல்ல ரிவெர்ப்புக்கு அவள் 4000 ரூபாய் வரை தருவாள். லிமிட்டர் அவளுக்கு அவ்வளவாகத் தேவையில்லை, 1000 ரூபாய் என்றால் போகட்டும் என்பாள். அடையாறில் பீட் போடும் ஒரு பையன். அவனுக்கு லிமிட்டர்தான் உயிர், 3500 தருவான். ரிவெர்ப்புக்கு 1500. தனித்தனியாக விற்றால் கம்பெனிக்கு அதிகபட்சம் என்ன கிடைக்கும்? ரிவெர்ப்பை 4000க்கு அவளிடம், லிமிட்டரை 3500க்கு அவனிடம், ஆக 7500. விலையைக் குறைத்து இருவருக்கும் விற்கப் பார்த்தால் இன்னும் குறையும். இப்போது இரண்டையும் கட்டி 5000 ரூபாய் என்று வையுங்கள். அவளுக்கு 4000 கூட்டல் 1000. அவனுக்கு 1500 கூட்டல் 3500. இருவருமே வாங்கிவிடுவார்கள். கம்பெனிக்கு 10,000. கூடுதலாக வந்த 2500 எங்கிருந்து வந்தது? அவள் அரைமனதாக நினைத்த லிமிட்டரிலிருந்தும், அவன் அரைமனதாக நினைத்த ரிவெர்ப்பிலிருந்தும். புடவைக் கடைக்காரனுக்காவது இலவசப் புடவைக்கு நெசவுக்கூலி ஆகும். மென்பொருளுக்கு இரண்டாவது பிரதி எடுக்கக் காலணா செலவில்லை. அதனால்தான் நாற்பதும் எழுபதும் அள்ளிக் கொடுக்க முடிகிறது.

ஸ்டிக்லர் அதை எழுதக் காரணமான வழக்கு இன்னும் சுவாரசியம். அமெரிக்காவில் தொலைக்காட்சி நிலையங்களுக்குப் பழைய படங்களை விற்ற கம்பெனிகள், காஸாபிளாங்கா வேண்டுமானால் கொரில்லா மேன், டியர் கேஸ் ஸ்குவாட் மாதிரி படங்களையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும் என்றன. 1962ல் உச்ச நீதிமன்றம் அது தப்பு என்று சொன்னது. இன்றைய பண்டில் எதையாவது திறந்து பாருங்கள். ஒரு காஸாபிளாங்கா, ஒன்றிரண்டு சுமாரான படம், பாக்கி அத்தனையும் கொரில்லா மேன் :-)

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் கேபிள் டிவி இருக்கிறது. வேண்டிய சேனலுக்கு மட்டும் காசு என்று நாலு பெருநகரங்களுக்கும் திட்டம் போட்டு, 2003 செப்டம்பரில் செட்-டாப் பாக்ஸ் முறை நிலைத்து நின்றது சென்னையில் மட்டும். பிறகு 2017ல் டிராய் புது விதி எழுதியபோது, சேனல் பொக்கேவுக்கு 15 சதவீதத்துக்கு மேல் தள்ளுபடி தரக்கூடாது என்று ஒரு வரம்பு வைத்தது. தள்ளுபடிக்கு எதற்கு வரம்பு என்று தோன்றலாம். தனிச் சேனல் விலையை வேண்டுமென்றே ஏற்றி, பொக்கேவை மலிவாகக் காட்டினால், தேர்ந்தெடுக்கும் உரிமை காகிதத்தில்தான் இருக்கும் என்பது டிராயின் வாதம். வழக்கு வந்தது சென்னை உயர் நீதிமன்றத்துக்கு. 2018ல் மற்ற விதிகள் தப்பின, அந்த 15 சதவீத வரம்பு மட்டும் விழுந்தது. 2019 பிப்ரவரியில் விதிகள் அமலாகி, பொக்கே தள்ளுபடி தாறுமாறாகப் போய், 2020 ஜனவரியில் டிராய் திரும்பவும் திருத்தம் போட வேண்டி வந்தது. தள்ளுபடி என்பது வாங்குபவனுக்குத் தரும் சலுகை மட்டுமில்லை, அவனைத் தனியாக வாங்க விடாமல் தடுக்கும் வேலியும்கூட. இதை அரசாங்க ஆணையமே ஒப்புக்கொண்ட பிறகும் ப்ளக்-இன் விஷயத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொள்வானேன்?

இரண்டாவது ஜல்லி: "ஒரு தடவை வாங்கிட்டா ஆயுசுக்கும்."

யாருடைய ஆயுசுக்கு? கேக்வாக் கம்பெனி சோனார் ப்ளாட்டினம் என்ற மென்பொருளுக்கு 2016ல் "ஆயுள் முழுக்கப் புதுப்பிப்பு இலவசம்" என்று விற்றது. 2017 நவம்பரில் அதன் முதலாளியான கிப்சன் கடையையே மூடிவிட்டது. ஆயுள் என்று சொன்னது கம்பெனியின் ஆயுளை என்பது அப்போதுதான் புரிந்தது. 2018ல் சிங்கப்பூரின் பேண்ட்லேப் அதை வாங்கி, எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்தது. காசு கொடுத்தவர்கள் முகத்தை நினைத்துப் பாருங்கள்.

வேவ்ஸ் விவகாரம் இதைவிட மோசம். அவர்கள் ப்ளக்-இன் வாங்கினால் ஒரு வருஷத்துக்குப் புதுப்பிப்பு உண்டு. அப்புறம் புதிய பதிப்பு வேண்டுமானால் தனியே பணம் கட்ட வேண்டும். கணினி மாறாமல் இருந்தால் தொல்லையில்லை. ஆனால் ஆப்பிள் 2019ல் கேட்டலினாவில் 32 பிட் மென்பொருள்களைக் கைகழுவியது, 2020ல் இன்டெல் சில்லை விட்டு சொந்தச் சில்லுக்குப் போனது. ஒவ்வொரு முறையும் பழைய ப்ளக்-இன் வைத்திருந்தவர்கள் பாடு திண்டாட்டம். 2023 மார்ச் கடைசியில் உச்சகட்டம்: இனி யாருக்கும் சொந்தமாக விற்பதில்லை, புதுப்பிப்பும் இல்லை, மாதச் சந்தா மட்டுமே என்று வேவ்ஸ் அறிவித்தது. பல ஆயிரம் டாலர் கொட்டியவர்கள் உலகம் முழுக்கக் கொதித்தார்கள். சில நாட்களிலேயே கம்பெனி மன்னிப்புக் கேட்டுப் பழைய முறையைத் திரும்பக் கொண்டுவந்தது. ஆக, கூச்சல் போட்டதால் கிடைத்தது. கூச்சல் போட ஆள் இல்லாத சின்னக் கம்பெனியாக இருந்தால்?

அந்தச் சந்தாவின் விலையையும் பார்த்துவிடலாம். 2023ல் அறிவித்தபடி சின்ன மூட்டைக்கு மாதம் 14.99 டாலர். டாலருக்கு 85 ரூபாய் என்றே வைத்தாலும் வருஷத்துக்கு 15,300 ரூபாய் பக்கம். வெளிநாட்டிலிருந்து இணையம் வழியே வாங்கும் மென்பொருளுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. 18,000 தாண்டிவிடும். வங்கிக்காரன் வெளிநாட்டுச் செலவாணிக்கென்று கிள்ளுவது தனி. இதை ஐந்து வருஷம் கட்டினால் 90,000. கட்டுவதை நிறுத்திய அன்று கையில் இருப்பது பூஜ்யம். பழைய பாட்டைத் திறந்தால் அதில் செருகிய ப்ளக்-இன் எல்லாம் ஊமையாகிக் கிடக்கும்.

ஒரு நல்ல மைக்கை ஐந்து வருஷம் வைத்திருந்துவிட்டு விற்றால் பாதி விலையாவது தேறும். ப்ளக்-இன் உரிமத்தை இன்னொருவருக்கு மாற்ற ஆயிரம் நிபந்தனை. பண்டிலாக வாங்கியதைப் பிரித்து நாலை மட்டும் விற்கப் பெரும்பாலான கம்பெனிகள் விடுவதே இல்லை. கட்டி விற்கலாம், கட்டவிழ்த்து விற்கக்கூடாது! கணக்குப் புத்தகத்தில் மென்பொருளுக்கு வருஷம் 40 சதவீதம் தேய்மானம் போட வருமான வரி விதி இடம் தருகிறது. சுவருக்கும் நாற்காலிக்கும் 10 சதவீதம். சட்டத்துக்கே தெரிந்திருக்கிறது இது எவ்வளவு சீக்கிரம் கரையும் சரக்கு என்று.

மூன்றாவது ஜல்லிதான் ஆபத்தானது, ஏனென்றால் அது ஆசையைத் தொடுகிறது. "பெரிய ஸ்டுடியோல எல்லாம் இதான் இருக்கு. அந்த சவுண்ட் வரணும்னா இது வேணும்."

அந்த சவுண்ட் எங்கிருந்து வருகிறது? மயிலாப்பூர் ஃப்ளாட்டில் பத்துக்குப் பத்து அறை ஒன்று. எதிரெதிர் சுவர்களுக்கு நடுவே ஒலி போய்ப் போய் வந்து சில சுருதிகள் மட்டும் வீங்கும். பத்தடி என்றால் சுமார் 57 ஹெர்ட்ஸ், அதன் மடங்குகள் 114, 171. நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதால் வீக்கம் இரட்டிப்பு (கூரையும் பத்தடி இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்). பேஸ் கிட்டாரின் ஏ தந்தி 55 ஹெர்ட்ஸ். அதாவது அந்த ஒரு ஸ்வரம் மட்டும் ஸ்பீக்கரில் திமுதிமு என்று கேட்கும். பையன் என்ன செய்வான்? பேஸ் அதிகமாகிவிட்டது என்று ஈக்யூவில் வெட்டுவான். அந்த வீக்கம் அறையில் இருக்கிறதே ஒழிய பாட்டில் இல்லை. பாட்டை வேறு வீட்டில் போட்டுக் கேட்டால் அடிவயிறே இல்லாமல் சோகையாக இருக்கும். உடனே "நல்ல ஈக்யூ வாங்கணும்" என்று முடிவு கட்டி பண்டில் வாங்குவான். நாற்பது ப்ளக்-இன் வந்தாலும் அந்த 57 ஹெர்ட்ஸ் சுவரை விட்டு நகராது. மூலைகளில் தடித்த ராக்வூல் பலகை நாலு வைத்தால் கொஞ்சம் அடங்கும். கட்டிலை ஓரம் போட்டு, உட்காரும் இடத்தை அறையின் நட்டநடுவிலிருந்து நகர்த்தினால் சல்லிக்காசு செலவில்லாமல் பாதி தீரும். (சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டுபவர்கள் கவனத்துக்கு: தாழ்ந்த சுருதிக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. பல்லிதான் சேரும்.)

லஸ் கார்னர் ஹாரன் சத்தமும், பக்கத்து வீட்டு மிக்ஸியும், ஏழு மணி பால்காரரும் மைக்கில் ஏறினால் அவற்றை அகற்றும் ப்ளக்-இன் இருக்கிறது, உண்மைதான். கூடவே பாடகியின் குரலிலிருந்து மூச்சையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போய்விடும். ராத்திரி பதினோரு மணிக்குப் பதிவு செய்தால் அதுவும் வேண்டாம்.

கர்நாடக சங்கீதக்காரர்களுக்குக் கூடுதல் எச்சரிக்கை. பண்டிலில் வரும் ப்ரீசெட் எல்லாம் மேற்கத்திய பாப் பாட்டை மனதில் வைத்து அமைத்தவை. சுருதி திருத்தும் ப்ளக்-இன் (1997ல் வந்த ஆட்டோ-ட்யூன் இதன் மூலவர்) குரலைப் பக்கத்துப் படிக்கு இழுத்து நிறுத்தும். தோடியின் காந்தாரம் ஒரு படியில் நிற்பதே இல்லையே. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே அசைந்துகொண்டே இருப்பதுதான் அதன் உயிர். வேகமான செட்டிங்கில் விட்டால் அந்த அசைவு மாடிப்படி மாதிரி வெட்டு வெட்டாக வரும். மிருதங்கத்துக்கு "டிரம்ஸ் பஞ்ச்" என்ற ப்ரீசெட்டைப் போட்டால் சாப்புக்கும் நம்முக்கும் வித்தியாசம் மழுங்கிப்போகும். அறுபது வகை ப்ரீசெட்டில் ஒன்றுகூடத் தம்புரா பின்னால் ஒலிக்கிறது என்று தெரிந்து செய்ததில்லை.

"ஆனா போட்டவுடனே நல்லா இருக்கே?" போட்டவுடனே சத்தம் கூடுகிறது. காது சத்தத்தைத் தரம் என்று நம்பும். பல ப்ளக்-இன்கள் திறந்தவுடனேயே அளவைக் கொஞ்சம் தூக்கித்தான் கொடுக்கும். முன்னும் பின்னும் சத்தத்தைச் சமமாக்கிவிட்டுக் கேட்டால் பாதி மாயம் கலைந்துபோகும். லிமிட்டர் போட்டு உச்சக்குரலில் கத்த வைத்தாலும் புண்ணியமில்லை. ஸ்பாட்டிஃபையும் யூடியூபும் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் என்ற அளவையொட்டிச் சத்தத்தை இறக்கிவிடும்.

ஈக்யூ விஷயத்தில் வீட்டிலேயே செய்யக்கூடிய பரிசோதனை ஒன்று உண்டு. ஒரே குரல் பதிவை இரண்டு டிராக்கில் வையுங்கள். ஒன்றில் மென்பொருளோடு இலவசமாக வந்த ஈக்யூ, இன்னொன்றில் காசு போட்ட ஈக்யூவின் டெமோ. இரண்டிலும் ஒரே அளவு வெட்டு, ஒரே இடம். இப்போது ஒரு டிராக்கைத் தலைகீழாக்கி (பொலாரிட்டி என்று பட்டன் இருக்கும்) சேர்த்து ஓட விடுங்கள். ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு கிட்டத்தட்ட மௌனம்தான் மிஞ்சும். பழைய கருவிகளை நகல் செய்யும் வகை அல்லாத சாதாரண ஈக்யூ எல்லாமே ஏறத்தாழ ஒரே கணக்கு. ராபர்ட் பிரிஸ்டோ-ஜான்சன் எழுதிய அந்தச் சூத்திரங்கள் பல வருஷமாக இணையத்தில் சும்மா கிடக்கின்றன. உச்சஸ்தாயியில், பதினைந்தாயிரம் ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் கொஞ்சம் வித்தியாசம் தெரியலாம். அதற்காக வருஷம் 18,000?

கம்ப்ரஸரிலும் ரிவெர்ப்பிலும் கதை வேறு. அங்கே நிஜமாகவே ஆளுக்கு ஆள் குணம் மாறும், நல்ல சரக்குக்குக் காசு கொடுப்பதில் தப்பே இல்லை. அதனால்தான் ஒற்றையாக வாங்கு என்பது. வல்ஹல்லா என்ற கம்பெனி ஒவ்வொரு ரிவெர்ப்பையும் 50 டாலருக்கு விற்கிறது, ஆடியும் இல்லை ஆவணியும் இல்லை. 2020ல் சூப்பர்மாஸிவ் என்று ஒன்றை இலவசமாகவே கொடுத்தது. டிடிஆர் நோவா என்ற ஈக்யூவும் இலவசம்தான், சாதாரண ஈக்யூ செய்யாத வேலைகளையும் செய்கிறது. ரீப்பர் முழு மென்பொருளே தனிநபருக்கு 60 டாலர், அதையும் 60 நாள் முழுசாக ஓட்டிப் பார்த்த பிறகு. அதன் கூடவே ஈக்யூ, கம்ப்ரஸர், ரிவெர்ப் எல்லாம் வருகிறது. முகம் லட்சணமாக இருக்காது, வெறும் கோடும் கட்டமும்தான். லாஜிக் வைத்திருப்பவர்களுக்கோ கூடவே வரும் ரிவெர்ப்பைத் தீர்க்க ஒரு ஆயுசு வேண்டும்.

திருட்டுப் பிரதி பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பாதிப்பேர் இந்நேரம் "எதுக்குக் காசு? க்ராக் இருக்கே" என்று முணுமுணுத்திருப்பார்கள். பர்மா பஜாரில் சிடி வாங்கிய காலம் போய் இன்று டோரண்டு. அறுபது டாலர் மென்பொருளும் நல்ல இலவசச் சரக்கும் இருக்கும்போது, யார் எழுதியதென்றே தெரியாத ஒரு கோப்பை, வங்கிக் கணக்கு பார்க்கும் அதே கணினியில் ஓட்டுவது எந்த ஊர் சாமர்த்தியம்? தவிர, தன் பாட்டை எவனாவது திருடினால் குதிக்கப்போகிறவர்கள் இவர்களேதான்.

இதையெல்லாம் சொன்னால் கடைசி ஆயுதமாக ஏ.ஆர்.ரஹ்மானை இழுப்பார்கள். "அவங்க அம்மா நகையை வித்துதானே மெஷின் வாங்கினாங்க?" ஆமாம், ரஹ்மானே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கோடம்பாக்கம் வீட்டில் உருவான பஞ்சதன் ஸ்டுடியோவும், 1992ன் ரோஜாவும் அந்தத் தியாகத்திலிருந்து வந்தவைதான். ஆனால் முழுக்கதையையும் சொல்ல வேண்டும். அந்தப் பணத்தில் வாங்கியது ஒலிப்பதிவுக் கருவி. அது இல்லாமல் பதிவே செய்ய முடியாது என்ற நிலைமை. வாங்கிய ஆள் சிறுவயதிலிருந்தே மற்ற இசையமைப்பாளர்களிடம் கீபோர்டு வாசித்துச் சம்பாதித்துக்கொண்டிருந்தவர். தனக்கு என்ன இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பண்டில் வாங்குபவனிடம் "உன்னிடம் இப்போது என்ன இல்லை?" என்று கேட்டால் பதில் வராது. நகைக்கதையைக் காட்டி அம்மாவிடம் காசு வாங்கி, ஏற்கெனவே இருக்கும் ஈக்யூவுக்குப் பன்னிரண்டு தம்பிகளை வாங்குவது ரஹ்மானுக்கே அவமரியாதை.

விதிவிலக்கு என்று சொன்னது இவர்களுக்கு: சாலிகிராமத்திலும் வடபழனியிலும் தினமும் அடுத்தவர் பாட்டை மிக்ஸ் செய்து பிழைக்கும் இன்ஜினியர்கள். இவர்களுக்கு வரும் வேலையில் அனுப்பியவர் போட்ட ப்ளக்-இன் அப்படியே இருக்கும். அதே ப்ளக்-இன் இங்கே இல்லையென்றால் அந்த இடம் ஊமை. ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பி "ஆடியோவா மாத்தி அனுப்புங்க" என்று கேட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். மாதம் பத்து பாட்டு, பாட்டுக்கு 3000 என்று வைத்தால்கூட வருஷம் மூன்றரை லட்சம். அதில் 18,000 என்பது கடை வாடகை மாதிரி. அவர்கள் தாராளமாக வாங்கலாம், செலவுக் கணக்கிலும் காட்டலாம். ஆனால் பண்டில் விளம்பரம் அவர்களுடைய கன்சோல் அறையைப் படம் பிடித்து மந்தைவெளிப் படுக்கையறையில் விற்கிறது. வாடகை கட்டும் கடையே இல்லாதவனுக்கு அதே செலவு எதற்கு?

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் "போட்ட காசு வீணாகிவிடுமே" என்று வருஷாவருஷம் புதுப்பிப்புக் கட்டணம் கட்டிக்கொண்டிருப்பதுதான் இதில் பெரிய சோகம். போட்டது போட்டதுதான், இன்னும் கொஞ்சம் போட்டால் திரும்பி வராது. கடைசியாகச் செய்த பத்து பாட்டின் கோப்புகளைத் திறந்து, எந்தெந்த ப்ளக்-இன் நிஜமாகவே ஓடுகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பார்க்கலாம். தாளில் வராதவற்றைக் கணினியிலிருந்து எடுத்துவிட்டால் மென்பொருள் திறக்கும் நேரமாவது குறையும். வந்தவற்றை டிராக்கோடு சேர்த்து ஆடியோவாக மாற்றி ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டால், நாளைக்குக் கம்பெனி இருந்தாலும் போனாலும் பாட்டு திறக்கும். முக்கியமாக, மார்கழிப் பதிவு வேலை முடியும் வரை அந்தக் கணினியில் "புதிய பதிப்பு தயார்" என்று வரும் பொத்தானை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், வீட்டுக்கு வரும் ஒன்றுவிட்ட தம்பிகள் உட்பட.